பிபி நார்மல்னு மாத்திரையை நிறுத்தின கதை: ஈரான் அணு ஒப்பந்தம் பற்றி ஒரு நீண்ட இழை

1/
மக்களே, கொஞ்சம் நீளமான த்ரெட். ஈரான் பேச்சு வந்தாலே டைம்லைன்ல ஒரே டயலாக்தான்: "பேச்சுவார்த்தை, ஒப்பந்தம் எல்லாம் வேஸ்ட்டு. அடிச்சாதான் அடங்குவாங்க." குண்டு விழற வீடியோவை ஃபயர் எமோஜி போட்டு ஷேர் பண்றவங்கள்ல டாக்டர்களும் இருக்காங்க. அதனாலதான் எழுதறேன்.

2/
நான் சொல்ல வர்றது இதுதான். 2015-ல் ஏற்பட்ட ஈரான் அணு ஒப்பந்தம், வேலை செஞ்சுக்கிட்டு இருந்த மருந்து. 2018-ல் அதை நிறுத்தினப்ப ரிப்போர்ட் நல்லாத்தான் இருந்தது. நிறுத்தினதுக்கு அப்புறம் நோய் முத்திச்சு. உடனே "பாத்தீங்களா, மருந்து வேலை செய்யல"ன்னு சொல்லி கத்தியைத் தூக்கினாங்க.

3/
இந்தக் கதையை ஓபி பார்க்கிற எந்த டாக்டரும் வாரத்துக்கு நாலு தடவை கேட்பார். "பிபி நார்மல் ஆயிடுச்சு டாக்டர், அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்." ஐயா, மாத்திரை போட்டதுனாலதான் நார்மல் ஆச்சு! ஆறு மாசம் கழிச்சு ஸ்ட்ரோக்ல வருவாங்க. கூட வர்ற சொந்தக்காரர் சொல்வார்: "இங்கிலீஷ் மருந்தே சரியில்ல சார்."

4/
"டாக்டர், நீங்க உங்க வேலையைப் பாருங்க"ன்னு வரப்போறவங்களுக்கு: இதுவும் எங்க வேலைதான். ஹிரோஷிமாவில் அன்னைக்கு இருந்த டாக்டர்கள், நர்ஸ்களில் 90 சதவீதத்துக்கு மேல் செத்தாங்க அல்லது காயம்பட்டாங்க. ஆஸ்பத்திரிகளும் சிதைஞ்சு போச்சு. அணுகுண்டு விழுந்த ஊர்ல சிகிச்சை கொடுக்க ஆளே இருக்க மாட்டாங்க.

5/
இதைப் புரிஞ்சுக்கிட்டுத்தான் 1980-ல், பனிப்போர் உச்சத்துல, அமெரிக்காவின் பெர்னார்ட் லவுன், சோவியத்தின் யெவ்கெனி சாஸோவ்னு ரெண்டு இதய மருத்துவர்கள் சேர்ந்து, அணுப்போரைத் தடுக்க ஒரு சர்வதேச மருத்துவர் அமைப்பைத் தொடங்கினாங்க. 1985-ல் அந்த அமைப்புக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைச்சது. அவங்க சொன்ன விஷயம் எளிமையானது: இந்த நோய்க்கு சிகிச்சை கிடையாது. தடுப்பு மட்டும்தான்.

6/
சரி, விஷயத்துக்கு வருவோம். முதல்ல யுரேனியம் செறிவூட்டல்னா என்னன்னு தெரிஞ்சாதான் மத்தது புரியும். ஒரு முறத்துல 1000 அரிசி இருக்குன்னு வைங்க. அதுல 7 மட்டும் சிவப்பரிசி. அந்த 7-தான் வேணும். பூமியில தோண்டி எடுக்கிற யுரேனியம் இப்படித்தான் இருக்கு. தேவையான யு-235 வெறும் 0.7 சதவீதம்.

7/
வெள்ளை அரிசியைப் பொறுக்கிப் போட்டுக்கிட்டே வர்றோம். முறத்துல 175 அரிசி மிஞ்சும்போது அதுல 7 சிவப்பு. அதாவது 4 சதவீதம், மின்சாரம் தயாரிக்கப் போதும். 35 மிஞ்சும்போது 20 சதவீதம். 12 மிஞ்சும்போது கிட்டத்தட்ட 60. குண்டுக்குத் தேவை 90 சதவீதம், அதாவது முறத்துல 8 அரிசி மிஞ்சணும்.

8/
கணக்கைக் கவனிங்க. 1000-லிருந்து 35-க்கு வர 965 அரிசியைப் பொறுக்கணும். 12-லிருந்து 8-க்கு வர நாலே நாலு. "60 சதவீதம்தானே, 90-க்கு இன்னும் தூரம் இருக்கே"ன்னு நினைக்கறவங்க இதை ரெண்டு தடவை படிங்க. 60-க்கு வந்தவன் ஏறக்குறைய மொத்த வேலையையும் முடிச்சிட்டான்.

9/
இன்னொரு சிக்கல். இந்தப் பொறுக்கற மெஷின், அதாவது சென்ட்ரிஃபியூஜ், நல்ல காரியத்துக்கும் அதேதான், கெட்ட காரியத்துக்கும் அதேதான். நாங்க எலும்பு ஸ்கேனுக்கும் தைராய்டு ஸ்கேனுக்கும் பயன்படுத்தற டெக்னீஷியம் அணு உலையில கிடைக்கிற மூலப்பொருள்ல இருந்துதான் வருது. டெஹ்ரான்ல மருத்துவ ஐசோடோப்பு தயாரிக்கிற ஆராய்ச்சி உலை ஓடறது 20 சதவீத யுரேனியத்துல.

10/
அந்த உலையை ஈரானுக்குக் கொடுத்ததே அமெரிக்காதான். 1967-ல், ஷா ஆட்சியில. ஆக "ஈரானுக்கு எதுக்குங்க அணு தொழில்நுட்பம்"னு கேக்கறது அரை உண்மை. மெஷினைப் பார்த்து நோக்கத்தைச் சொல்ல முடியாது. எத்தனை மெஷின், எத்தனை கிலோ, எத்தனை சதவீதம்னு உள்ளே போய் எண்ணினாதான் சொல்ல முடியும்.

11/
ஈரான் யோக்கியமா? இல்ல. அதைத் தெளிவா சொல்லிடறேன். நடான்ஸ் செறிவூட்டல் கூடம் 2002-ல் வெளிய வந்தது, ஈரான் தானா சொல்லி இல்ல. கோம் நகரம் பக்கத்துல மலைக்கு அடியில தோண்டின ஃபோர்டோ கூடம் 2009-ல் அம்பலமாச்சு. பழைய ரகசிய இடங்கள் பற்றிய கேள்விகளுக்கு ஒழுங்கா பதில் சொல்லலைன்னு 2025 ஜூன் 12-ல் கூட சர்வதேச அணுசக்தி முகமையின் ஆளுநர் குழு தீர்மானம் போட்டது.

12/
"அப்படிப்பட்டவங்களை நம்பி ஒப்பந்தமா?" இதுதான் எனக்கு அதிகமா வர்ற கேள்வி. ஒரு சுகர் பேஷன்ட். "இனிப்பு தொடவே இல்ல டாக்டர்"னு சத்தியம் பண்ணுவார். நாங்க தலையை ஆட்டிக்கிட்டே எச்பிஏ1சி டெஸ்ட் எழுதிடுவோம். மூணு மாச சராசரியை அது புட்டுப் புட்டு வச்சிடும். அவர் வார்த்தையை நம்பினா டெஸ்ட் எதுக்கு? நம்பாததுனாலதான் டெஸ்ட்.

13/
அணு ஆயுதப் பரவல் தடுப்பும் அப்படித்தான். வியன்னாவில் இருக்கிற சர்வதேச அணுசக்தி முகமை, சுருக்கமா ஐஏஇஏ, நாங்க தொண்டையில ஸ்வாப் எடுக்கற மாதிரி சுவர், மேஜை, மெஷின் எல்லாத்தையும் பஞ்சுத் துணியால துடைச்சு சாம்பிள் எடுக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் போதும், எத்தனை சதவீதம் வரைக்கும் செறிவூட்டியிருக்காங்கன்னு லேப் சொல்லிடும்.

14/
2003-ல் நடான்ஸ்ல எடுத்த ஸ்வாப்ல அதிகச் செறிவுத் துகள்கள் கிடைச்சது. "வெளிநாட்டுல இருந்து வாங்கின பாகங்கள்ல ஒட்டிக்கிட்டு வந்தது"ன்னு ஈரான் சொல்லிச்சு. பாகிஸ்தான்ல இருந்து பாகங்களை வரவழைச்சு ஒப்பிட்டுப் பார்த்தாங்க, பெரும்பாலும் பொருந்திப் போச்சு. ஏ.க்யூ.கான் நடத்தின கள்ளச் சந்தையின் கைரேகை. துடைச்ச துணி ஈரான் சொன்னதைச் சரிபார்த்தது, பாகிஸ்தான் சொல்லாததையும் காட்டிக் கொடுத்தது.

15/
இப்ப 2015 ஜூலை 14, வியன்னா. ஒரு பக்கம் ஈரான். இன்னொரு பக்கம் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, கூடவே ஐரோப்பிய ஒன்றியம். ரஷ்யாவும் அமெரிக்காவும் ஒரே பக்கம் உக்காந்து ஒரே ஒப்பந்தத்தை ஏத்துக்கிட்ட காலம் அது. அந்த மருந்துச் சீட்டுல என்ன இருந்ததுன்னு பார்ப்போம்.

16/
- சுமார் 19,000 சென்ட்ரிஃபியூஜ் இருந்தது. 6,104 மட்டும் வச்சுக்கலாம், அதுல 5,060 மட்டும் ஓடலாம்.
- 3.67 சதவீதத்துக்கு மேல 15 வருஷத்துக்குப் போகக் கூடாது.
- கையிருப்பு 300 கிலோவுக்கு மேல கூடாது.
- ஃபோர்டோவில் 15 வருஷம் செறிவூட்டலே கிடையாது.
- அராக் கனநீர் உலையின் மையப்பகுதியைக் கழற்றி காங்கிரீட் ஊத்தி அடைக்கணும்.

17/
இதெல்லாம் வாக்குறுதி மட்டும் இல்ல, நடந்தது. 2015 டிசம்பர்ல 11,000 கிலோவுக்கு மேல குறைசெறிவு யுரேனியம் கப்பல்ல ஏறி ரஷ்யா போச்சு. அராக் உலையில காங்கிரீட் ஊத்தினாங்க. ஐஏஇஏ சரிபார்த்து ஓகே சொன்னதுக்கு அப்புறம்தான், 2016 ஜனவரி 16-ல், பொருளாதாரத் தடைகளைத் தளர்த்தினாங்க. முதல்ல ரிப்போர்ட், அப்புறம்தான் டிஸ்சார்ஜ்.

18/
ஒரு குண்டுக்கான யுரேனியத்தைச் சேர்க்க ஈரானுக்கு எவ்வளவு நாள் ஆகும்? ஒப்பந்தத்துக்கு முன்னாடி ரெண்டு, மூணு மாசம். ஒப்பந்தத்துல சுமார் ஒரு வருஷம். அந்த ஒரு வருஷமும் கேமரா, சீல், ஆய்வாளர்கள் கண் முன்னாடி. நாளைக்கே திருட்டுத்தனம் ஆரம்பிச்சாலும் உலகத்துக்கு யோசிக்க, பேச, அழுத்தம் கொடுக்க நேரம் இருந்தது.

19/
"ஏமாத்தியிருப்பாங்க"ன்னு சொல்றவங்களுக்கு: கனநீர் அளவு 130 டன்னைத் தாண்டி 2016-ல் ரெண்டு தடவை லேசா ஏறிச்சு. ஐஏஇஏ உடனே எழுதிச்சு, ஈரான் உபரியை வெளிய அனுப்பிச்சு. அவ்ளோதான். மத்தபடி ஒவ்வொரு காலாண்டு அறிக்கையும் வரம்புக்குள்ளதான் இருக்குன்னு சொல்லிச்சு. ரிப்போர்ட்ல ஒரு இடத்துல ஸ்டார் போட்டு, அடுத்த ரிப்போர்ட்ல நார்மல்.

20/
2018 மே 8. டிரம்ப் ஒப்பந்தத்தை விட்டு வெளியேறினார். சொன்ன காரணங்கள்: 10, 15 வருஷத்துல கட்டுப்பாடுகள் முடிஞ்சிடும், ஏவுகணைகளை இது தொடல, ஈரான் வளர்க்கற ஆயுதக் குழுக்களைத் தொடல. மூணுமே உண்மைதான். ஆனா எதுவும் மருந்தை நிறுத்தறதுக்கான காரணம் இல்ல.

21/
பிபி மாத்திரை மூட்டுவலியைக் குறைக்கலைன்னு பிபி மாத்திரையை நிறுத்துவீங்களா? மூட்டுவலிக்குத் தனியா வைத்தியம் பண்ணுவீங்க. கோர்ஸ் 15 வருஷம்தான்னா, 14-வது வருஷத்துல உக்காந்து நீட்டிக்கப் பேசுவீங்க. "15 வருஷத்துல தீர்ந்துடும், அதனால மூணாவது வருஷமே குப்பையில போடறேன்"னு சொன்னா அதுக்கு என்ன பேர்?

22/
அப்புறம் நடந்ததை வரிசையா வைக்கிறேன்.
2019 ஜூலை: 300 கிலோ, 3.67 சதவீதம் ரெண்டு வரம்பையும் ஈரான் தாண்டிச்சு.
2021 ஜனவரி: 20 சதவீதம்.
2021 ஏப்ரல்: 60 சதவீதம்.
2022 ஜூன்: ஒப்பந்தப்படி வச்சிருந்த ஐஏஇஏ கேமராக்களைக் கழற்றினாங்க.
2025 ஜூன் நடுவில்: 60 சதவீத யுரேனியம் 440.9 கிலோ, ஐஏஇஏ மதிப்பீடு.

23/
60 சதவீதத்துல சுமார் 42 கிலோ இருந்தா, இன்னும் கொஞ்சம் பொறுக்கினா, ஒரு குண்டுக்கு ஆகும்னு ஐஏஇஏ அளவுகோல். 440-ஐ 42-ஆல வகுத்துப் பாருங்க. ஒப்பந்தம் உயிரோட இருந்தப்ப ஈரான் 3.67-ஐத் தாண்டல. "அதிகபட்ச அழுத்தம்"னு பேர் வச்ச கொள்கை கொண்டுவந்த ரிசல்ட் இது. பிபியா இருந்தா 230/140.

24/
60 வரைக்கும் ஏத்தினதுக்கு ஈரானுக்கும் நியாயம் கிடையாது. எந்த ஆஸ்பத்திரிக்கும் எந்த மின் நிலையத்துக்கும் இவ்வளவு 60 சதவீத யுரேனியம் தேவையில்ல. அது பேரம் பேச வச்ச கத்தி. ஆனா 2018 மே மாசம் அந்தக் கத்தி அவங்க கையில இல்லைங்கறதும் உண்மை. அதைக் கையில எடுக்க வச்சது யாருன்னு கேக்கணும்.

25/
தடைகளோட பக்க விளைவு பற்றி ஒரு டாக்டரா சொல்லியே ஆகணும். காகிதத்துல மருந்துக்குத் தடை கிடையாது. ஆனா பணம் அனுப்ப பேங்குகள் தயங்கின. எபிடெர்மோலிசிஸ் புல்லோசான்னு ஒரு பிறவி நோய். லேசா உரசினாலே தோல் கொப்புளம் கட்டி உரிஞ்சு வரும். அந்தக் குழந்தைகளுக்குப் புண்ணுல ஒட்டாத ஸ்பெஷல் டிரெஸ்ஸிங்தான் உயிர்.

26/
ஒரு ஐரோப்பிய கம்பெனி, அமெரிக்கத் தடைகளைக் காரணம் காட்டி, ஈரானுக்கு அந்த டிரெஸ்ஸிங் அனுப்பறதை நிறுத்திச்சு. மனித உரிமைகள் கண்காணிப்பகத்தின் 2019 அறிக்கையில இது பதிவாகியிருக்கு. மருந்து, உணவு போகிற வழியை அடைக்காதீங்கன்னு சர்வதேச நீதிமன்றம் 2018 அக்டோபர் 3-லயே அமெரிக்காவுக்கு இடைக்கால உத்தரவு போட்டிருந்தது. அணுகுண்டைத் தடுக்கறேன்னு ஆரம்பிச்சது, கட்டு துணி கிடைக்காத குழந்தையில வந்து நின்னது.

27/
2025-க்கு வருவோம். மார்ச்சில் அமெரிக்க உளவுத்துறைத் தலைவர் துளசி கப்பார்ட் செனட் கமிட்டி முன்னாடி சொன்னது: ஈரானின் யுரேனியக் கையிருப்பு முன்னெப்போதும் இல்லாத உயரத்துல இருக்கு, ஆனா ஈரான் இப்போ அணு ஆயுதம் தயாரிக்கலைங்கறதுதான் மதிப்பீடு. பயாப்ஸி ரிசல்ட் மாதிரி: கட்டி பெருசா இருக்கு, கேன்சர்னு இன்னும் சொல்ல முடியாது.

28/
ஓமான் நடுவுல நிக்க அமெரிக்காவும் ஈரானும் அஞ்சு சுற்று பேசி முடிச்சிருந்தாங்க. ஆறாவது சுற்று ஜூன் 15, மஸ்கட். ஜூன் 13-ல் இஸ்ரேல் தாக்குச்சு. அப்பாயின்ட்மென்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி! ஜூன் 22-ல் அமெரிக்கா ஃபோர்டோ, நடான்ஸ், இஸ்ஃபஹான் மேல தாக்குதல் நடத்திச்சு.

29/
12 நாள் போர். ஈரான் அரசு கணக்குப்படி அங்க 1,000 பேருக்கு மேல செத்தாங்க. இஸ்ரேல்ல சுமார் 30 பேர். கெர்மன்ஷாவில் ஒரு ஆஸ்பத்திரி சேதம். பீர்ஷெபாவில் சொரோகா ஆஸ்பத்திரி மேல ஈரான் ஏவுகணை விழுந்தது. ரெண்டு ஊர்லயும் ஐவி ஸ்டாண்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடின நர்ஸ் ஒருத்தர்தான். பாஸ்போர்ட் கலர் மட்டும் வேற.

30/
சரி, ஆபரேஷன் சக்சஸா? கட்டிடம் இடிஞ்சது, மெஷின் உடைஞ்சது, உண்மை. அந்த 440 கிலோ எங்க? ஜூலையில ஐஏஇஏவோட ஒத்துழைப்பை நிறுத்தி ஈரான் சட்டம் போட்டது. ஆய்வாளர்கள் நாட்டை விட்டு வெளியேறினாங்க. கையிருப்பு பற்றிய தொடர் தகவல் கைவிட்டுப் போச்சுன்னு செப்டம்பர்ல ஐஏஇஏவே எழுதிச்சு. செப்டம்பர் கடைசியில ஐநா தடைகளும் திரும்பி வந்தன.

31/
ஸ்கேன் மெஷினை உடைச்சிட்டு ஆபரேஷன் பண்ணின மாதிரி இருக்கு. கட்டி வெளிய வந்துச்சா, பரவிடுச்சான்னு பார்க்க இப்ப வழியில்ல. தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கிற கதை. கிராம் கணக்குல எண்ணி வச்சிருந்த பொருளை, இடிபாட்டுக்கு அடியில எங்கயோ இருக்கும்னு ஊகிக்கிற நிலைமைக்குக் கொண்டுவந்தாச்சு. குண்டு சென்ட்ரிஃபியூஜை உடைக்கும், அதைக் கட்டத் தெரிஞ்ச அறிவை உடைக்காது.

32/
இது முதல் தடவையும் இல்ல. 1981 ஜூன் 7, ஈராக்கின் ஒசிராக் உலையை இஸ்ரேல் குண்டு போட்டு அழிச்சது. "பிரச்சினை தீர்ந்தது"ன்னு அன்னைக்கும் சொன்னாங்க. அதுக்கு அப்புறம்தான் சதாமின் ரகசியத் திட்டம் வேகம் பிடிச்சுதுன்னு பல ஆய்வாளர்கள் சொல்றாங்க. அது எவ்வளவு பெருசுன்னு 1991 போருக்கு அப்புறம் உள்ளே போன ஆய்வாளர்கள்தான் கண்டுபிடிச்சாங்க, அவங்கதான் கழற்றிப் போட்டாங்க.

33/
2003 மார்ச்சில் ஐஏஇஏ தலைவர் எல்பரடேய் பாதுகாப்பு கவுன்சில்ல சொன்னார்: ஈராக் அணு ஆயுதத் திட்டத்தை மறுபடி தொடங்கினதுக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கல. டெஸ்ட் நெகட்டிவ். ரெண்டு வாரத்துக்குள்ள போர். அப்புறம் எவ்வளவு தேடியும் ஒண்ணும் கிடைக்கல. லட்சக்கணக்கான உயிர் போன அந்தப் போர் தொடங்கினதுக்கு அப்புறம்தான் லேப் ரிப்போர்ட் சரின்னு தெரிஞ்சது.

34/
வட கொரியாவைப் பாருங்க. 1994 ஒப்பந்தத்தால யோங்பியோன் புளூட்டோனிய உலை எட்டு வருஷம் நின்னு போயிருந்தது. கம்பிகளுக்கு ஐஏஇஏ சீல். 2002-ல் "யுரேனியத்துல ரகசியமா ஏமாத்தறாங்க"ன்னு குற்றச்சாட்டு. அதைத் தனியாப் பிடிச்சுப் பேசாம, மொத்த ஒப்பந்தத்தையும் ரெண்டு பக்கமும் சேர்ந்து சாகவிட்டாங்க. ஆய்வாளர்களைத் துரத்தினாங்க. 2006 அக்டோபர் 9-ல் முதல் அணுகுண்டு சோதனை. அரைகுறை ஒப்பந்தம் இருந்தவரை அந்த உலையில இருந்து புளூட்டோனியம் வரல. ஒப்பந்தம் செத்ததும் குண்டு வந்தது.

35/
இனி நியாயமான எதிர்க்கேள்வி. "லிபியா 2003-ல் விட்டுக்கொடுத்தது, கடாஃபி கதி என்னாச்சு? உக்ரைன் 1994-ல் விட்டுக்கொடுத்தது, இன்னைக்கு என்னாச்சு? குண்டு வச்சிருக்கிறவனை யாரும் தொடறதில்லையே?" இந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. டெஹ்ரான்லயும் இதைத்தான் கேக்கறாங்க.

36/
ஆனா இது எதோட விளைவு? புடாபெஸ்ட்ல கொடுத்த வாக்கை மீறினது ரஷ்யா. வியன்னாவில் கொடுத்த வாக்கை மீறினது அமெரிக்கா. ஒவ்வொரு தடவையும் ஒரு வல்லரசு வாக்கை மீறும்போது, அடுத்த நாட்டுக்குப் போற செய்தி: "ஒப்பந்தத்தை நம்பாதே, குண்டு செய்." ஒப்பந்தங்களால உலகம் ஆபத்தானதா ஆகல. மீறினவங்களுக்கு ஒண்ணும் ஆகாததால ஆச்சு. போலி டாக்டர் ஊசி போட்டு செத்தா ஊசியைத் தடை பண்ண மாட்டோம், போலி டாக்டரைப் பிடிப்போம்.

37/
"இந்தியாவே பரவல் தடை ஒப்பந்தத்துல கையெழுத்து போடலையே?" ஆமா, போடல. அஞ்சு நாடு மட்டும் வச்சுக்கலாம், மத்தவங்க கூடாதுங்கற அந்த ஏற்பாடு பாரபட்சமானதுன்னு நம்ம நாடு சொன்னதுல நியாயம் உண்டு. ஆனா 1988 டிசம்பர் 31-ல் நாம பாகிஸ்தானோட ஒரு ஒப்பந்தம் போட்டோம்: ஒருத்தர் அணு நிலையத்தை ஒருத்தர் தாக்கக் கூடாது.

38/
1992-லிருந்து ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் ரெண்டு நாடும் தங்கள் அணு நிலையப் பட்டியலைப் பரிமாறிக்கறாங்க. கார்கிலுக்கு அப்புறமும், மும்பைத் தாக்குதலுக்கு அப்புறமும், புல்வாமாவுக்கு அப்புறமும் நிக்கல. நம்பிக்கை இருக்கறதாலயா? சுத்தமா கிடையாது. எதிரியோடதான் ஒப்பந்தம் தேவைப்படும். நண்பனோட எதுக்கு?

39/
அர்ஜென்டினாவும் பிரேசிலும் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டு அணு ஆராய்ச்சி நடத்தின நாடுகள். 1991-ல் சேர்ந்து ஒரு முகமை அமைச்சு, இவங்க கூடத்தை அவங்க, அவங்க கூடத்தை இவங்கன்னு இன்னைக்கும் சோதிச்சுக்கறாங்க. தென்னாப்பிரிக்கா கட்டி முடிச்ச ஆறு குண்டுகளைப் பிரிச்சுப் போட்டது. யாரும் ஃபயர் எமோஜி போடல. வீடியோவே இல்லையே!

40/
வல்லரசுகளுக்கும் ஒரு வார்த்தை. உலகத்துல இருக்கிற சுமார் 12,000 அணு ஆயுதங்கள்ல கிட்டத்தட்ட 90 சதவீதம் அமெரிக்கா, ரஷ்யா கையில. ஆயுதக் குறைப்புக்கு நல்லெண்ணத்தோட பேசணும்னு அதே பரவல் தடை ஒப்பந்தத்தின் 6-வது பிரிவு அவங்களைக் கட்டுப்படுத்துது. வாயில சிகரெட்டை வச்சுக்கிட்டு "நீ புகைக்காதே"ன்னு சொல்ற டாக்டர் பேச்சை எந்த பேஷன்ட் கேட்பான்?

41/
1963-ல் கென்னடி ஒரு பயத்தைச் சொன்னார்: 1975-க்குள்ள அணு ஆயுத நாடுகள் 15, 20 ஆகிடுமோன்னு. இன்னைக்கு எண்ணிக்கை 9. அந்தக் குண்டுகள் ஏன் வரல? பல காரணம் உண்டு. ஆனா பெரிய காரணம் அந்தச் சலிப்பூட்டும் காகிதங்கள், சீல்கள், பஞ்சுத் துணிகள், வியன்னாவில் நடக்கிற கூட்டங்கள். போலியோ வராத குழந்தை நியூஸ்ல வராது. அதுக்காக சொட்டு மருந்து வேஸ்ட்டா?

42/
நம்ம ஊர் சுவர்ல எல்லாம் எழுதி வச்சிருக்கோம், வருமுன் காப்போம்னு. எங்க தொழில்ல கஷ்டமான வேலை அதுதான். ஜெயிச்சா யாருக்கும் தெரியாது, தோத்தா எல்லாருக்கும் தெரியும். ராஜதந்திரமும் அதே வேலைதான். அதைக் கிண்டல் பண்றவங்க, தடுப்பூசியைக் கிண்டல் பண்றவங்களோட ஒரே பெஞ்சுல உக்காந்திருக்காங்க. டாக்டர் நண்பர்களே, முக்கியமா உங்களைத்தான் சொல்றேன்.

43/
அடுத்த தடவை டிவியில யாராவது "ஈரான் பிரச்சினையை முடிச்சாச்சு"ன்னு சொன்னா நாலே கேள்வி கேளுங்க. எத்தனை கிலோ இருக்கு? எத்தனை சதவீதம்? யார் உள்ளே போய் எண்ணினாங்க? எந்தத் தேதியில? 2018 மே 8 காலையில இந்த நாலுக்கும் பதில் இருந்தது.